முந்தைய படங்கள் எதையும் பார்க்காமல் நேராக மார்வெல் சூப்பர் ஹீரோக்கள் ஒன்றுசேரும் முதல் அவெஞ்சர்ஸ் படத்தைப் பார்த்தால் ரசிக்க முடியுமா? வெறும் அடிதடிதானே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

முடியும். ஒரு படம்கூடப் பார்க்காமல் போய் ரசித்த ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், என் அம்மா.

உங்கள் நண்பர் யாரோ "மொதல்ல அஞ்சு படத்தையும் பார்த்துட்டு வா" என்று மிரட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அயர்ன் மேன் இரண்டு, ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்கா ஆளுக்கு ஒன்று. பார்த்தால் நல்லதுதான், பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

2012 ஏப்ரல் கடைசி. படம் அமெரிக்காவில் மே 4ஆம் தேதிதான் வந்தது, நமக்கு ஏப்ரல் 27ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த வருஷக் கோடையைச் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் பகலும் ராத்திரியுமாகப் பத்து மணி நேரம் கரண்ட் போன நாளெல்லாம் உண்டு.      

தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு, ஏசியும் உண்டு. அக்கா பையனுக்கு லீவு, படம் பார்க்கணும் என்று அடம். வீட்டில் புழுங்குவதற்கு அங்கே போய் உட்காரலாம் என்றுதான் அம்மாவும் கிளம்பினார். தமிழ் டப்பிங்தான். டப்பிங்கில் பார்த்தவனெல்லாம் பேச வந்துட்டான் என்று கமெண்ட் போடுபவர்கள் தாராளமாகப் போடுங்கள். எங்கள் ஊர் தியேட்டரில் ஓடியது அதுதான்.

ஆரம்பத்தில் அம்மாவுக்குத் தூக்கம். வில்லன் லோகி தன் ஈட்டியை நெஞ்சில் வைத்ததும் வில் வைத்திருப்பவன் கண் மாறி அவன் பக்கம் போய்விடுவானே, அங்கே பையன் "அம்மாச்சி, அவனை மைண்ட் கண்ட்ரோல் பண்ணிட்டாங்க" என்று விளக்கினான். அம்மா, "செய்வினைனு சொல்லேன்டா" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்து அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் தன் கட்டடத்தை ஊர் லைனிலிருந்து கழற்றிவிட்டு, சொந்தமாகக் கரண்ட் தயாரித்து மாடி மாடியாக விளக்கு எரியவிடுகிற காட்சி. நியூயார்க்கில் அதற்கு யாராவது கை தட்டியிருப்பார்களா தெரியாது. எங்கள் தியேட்டரில் விசில் பறந்தது. பின்னால் ஒருவர், "தம்பி, எங்க தெருவுக்கும் ஒரு லைன் இழுத்து விடுப்பா" என்று கத்தினார். அம்மா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பறக்கும் கப்பலுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திச் சண்டை போடுவார்களே, அதைத்தான் அவர் அதிகம் ரசித்தார். "இதுல மாப்பிள்ளை வீடு யாரு, பொண்ணு வீடு யாரு?" என்று கேட்டார். கோட் போட்ட அந்த அதிகாரி கூல்சன் செத்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடைசியில், "நான் கடவுள்" என்று பேச ஆரம்பித்த லோகியின் காலைப் பிடித்து அந்தப் பச்சை ராட்சதன் ஹல்க் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரையில் அடித்தபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இருபது வருஷம் துவைக்கிற கல்லில் போர்வை அடித்த கை அது, அந்த வீச்சு அவருக்குத் தெரியும்.

வெறும் அடிதடி என்கிறீர்கள். கடைசி அரைமணி நேரச் சண்டையைக் கவனியுங்கள். கேப்டன் அமெரிக்கா ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறான், நீ மொட்டை மாடிக்குப் போ, நீ வானத்து ஓட்டையை அடை என்று. அதனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பமே வருவதில்லை. கேமரா ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவி ஆறு பேரையும் ஒரே ஓட்டத்தில் காட்டும் இடமும் உண்டு. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ கூட்டணிப் படங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. இயக்குநர் ஜாஸ் வீடனை இதற்கு மட்டும் பாராட்டுகிறேன், அவர் மேல் வந்த புகார்களுக்கு நான் வக்கீல் இல்லை. ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செஸி 2019ல் இந்தப் படங்களை தீம் பார்க்கோடு ஒப்பிட்டதையும் யாராவது கொண்டு வருவீர்கள். அவர் சொன்னது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்?

ஆனால் நான்காவது அவெஞ்சர்ஸ் படமான எண்ட்கேமில் ஆரம்பித்துவிடாதீர்கள். 181 நிமிஷம். 2012 ஞாபகத்தில் அம்மாவை அதற்கும் கூட்டிப் போனது என் தப்பு. தமிழ் டப்பிங்கில் அயர்ன் மேன் பேசினால் "இது விஜய் சேதுபதி குரலாச்சே, இவனுக்கு எப்படி வந்துச்சு?" என்றும், "பச்சை ஆளு ஏன் கண்ணாடி போட்டு மெதுவாப் பேசுறான், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் தூங்கிவிட்டார்.

முதல் படத்தில் பெயர்ப் பட்டியல் எல்லாம் முடிந்த பிறகு ஆறு பேரும் ஷவர்மா சாப்பிடும் ஒரு துண்டு உண்டு. அது எனக்குத் தெரியாமல் போனதற்கு, சீக்கிரமே லைட்டைப் போட்டுவிட்ட ஆபரேட்டரைப் பல வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஹாலிவுட் பிரீமியர் முடிந்த பிறகு எடுத்து அமெரிக்கப் பிரதிகளில் சேர்த்தார்களாம், நமக்கு வந்ததிலேயே அது இல்லை. பாவம் அந்த மனிதர். அக்கா பையன் அதை போனில் அம்மாவுக்குக் காட்டினான். ஒருவரும் பேசாமல் மென்றுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் காட்சி.

அம்மா முழுசாகப் பார்த்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சு கடைசிப் பந்தியில வீட்டு ஆளுக சாப்பிடுற மாதிரி இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.