கலக்சி படித்தால் பிழைக்கலாமா?

அன்புள்ள அம்மா,

"பயோ எடுத்து டொக்டராகச் சொன்னால் கலக்சி படிக்கப் போறாளாம்" என்று களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் காட்டிய படமும் பார்த்தேன். என்.ஜி.சி. 628, சுமார் 3 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள சுருள் கலக்சி, அதாவது பெரும் நட்சத்திரக் கூட்டம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. சாதாரண ஒளியில் கறுப்புக் கோடாகத் தெரியும் தூசு இதில் தணலாய் ஒளிர்கிறது. ஏன் என்று அவளிடம் கேளுங்கள். நட்சத்திர ஒளியை உறிஞ்சிச் சூடாகும் தூசு, அதைக் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியாக, அகச்சிவப்பாகத் திருப்பி விடுகிறது; வெப் பார்ப்பது அந்த ஒளியைத்தான். இதை அவள் தன் சொந்த வார்த்தையில் சொன்னாளென்றால், படத்தின் அழகில் மட்டும் மயங்கவில்லை.

இரவெல்லாம் மொட்டைமாடியில் நிற்கும் வேலை என்று பயப்படுகிறீர்கள். வெப் இருப்பது 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால். அதில் யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை. வருவது இலக்கங்கள், பார்ப்பது கணினி. மட்டக்களப்புக் கல்லடி வாவியில் பாடும் மீனைக் கேட்க என்ன செய்வோம்? தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைப்போம். என்ஜின் ஓடினால் ஒன்றும் கேட்காது. சூடான தொலைநோக்கியும் அப்படித்தான், தன் வெப்பமே தனக்கு இரைச்சல். அதனால்தான் வெப்பின் ஒரு கருவியைச் சுழியத்துக்குக் கீழ் 266 பாகை வரை குளிரவைத்திருக்கிறார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், மட்டக்களப்பில் 'வானியலாளர் தேவை' என்று விளம்பரம் வராது. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கட்டும். இரசாயனவியலை விட்டுவிடாதீர்கள், பொறியியல் கதவும் திறந்திருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் எப்படி வந்தாலும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் இருக்கிறது என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம், அங்கும் வெட்டுப்புள்ளி உண்டு. பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆய்வுப் படிப்பு. அமெரிக்காவில் இத்துறை கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, கற்பித்தல் உதவிக்குச் சம்பளமும் கிடைக்கும். மனம் மாறினாலும் இதற்காகப் பழகும் பைதன் நிரலாக்கம் வேறு வேலைக்கும் உதவும்.

(எங்கட ஊரில் பயோ என்றால் டொக்டர், மெத்ஸ் என்றால் இஞ்சினியர். மூன்றாவது பெயரே இல்லை!)

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் சோதிப்போம். 2003இல் ஏவி 2020 ஜனவரியில் ஓய்வுபெற்ற ஸ்பிற்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் தரவு இணையத்தில் இலவசம். ஒரு கலக்சியைத் தேர்ந்து, மூன்று அலைநீளப் படங்களைச் சேர்த்து வண்ணப்படம் செய்யட்டும். பழைய மடிகணினி போதும். அரைகுறையாய் விட்டாலும் திட்டாதீர்கள்; எங்கே நிறுத்தினாள் என்பதுதான் எனக்கு வேண்டும். அதையும் ஓ.எல். (சாதாரண தர) பெறுபேற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், முடிந்தால் தகப்பனையும் கூட்டிக்கொண்டு.