பெட்டியில் வேண்டாம், கையில் வரட்டும்: விமானப் பயணம், வாசகர் கேள்வி-பதில்

பவர் பேங்க்கைப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். ஆபத்தான பொருள் என்றால் கையில் கொண்டுபோக மட்டும் எப்படி விடுகிறார்கள்?
- வாசகர், ஈரோடு

ஆபத்தானது என்பதால்தான் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் சூடு தானாகவே ஏறும். ஒரு செல் வெந்து பக்கத்து செல்லையும் பற்றவைக்கும். சரக்கு அறையில் தீயணைக்க இருப்பது ஹேலான் வாயு. அது சுவாலையை அடக்கும். பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினையை நிறுத்தாது. பயணிகள் இருக்கும் பகுதியில் என்றால் புகை கிளம்பியதுமே பணியாளர்கள் பார்த்துவிடுவார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள்.

அளவு தெரிய ஒரு சின்னக் கணக்கு. பவர் பேங்க் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஏ.ஹெச். (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள், அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதைச் சொல்லும் வாட்-ஹவர் (Wh) கிடைக்கும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. 100 வாட்-ஹவர் வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் கிடையாது. 27,000-க்கு 99.9 வருகிறது, அந்த அளவோடு பல கம்பெனிகள் நிறுத்திக்கொள்ளும் ரகசியம் இதுதான். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைச் சோதனையில் வாங்கி வைத்துவிட்டால் வாதாடிப் பயனில்லை.

தலைக்கு மேலுள்ள அடுக்கிலும் வைக்காதீர்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தபோது தீ கிளம்பியது அந்த அடுக்கில்தான். அதன் பிறகு அங்கே பவர் பேங்க்கைக் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. இன்னொன்று: செல்போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டைச் சாய்த்தோ நிமிர்த்தோ தேடாதீர்கள். இயந்திரப் பகுதியில் நசுங்கிய பேட்டரி பற்றிக்கொள்ளும். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

தேங்காய் கொண்டுபோகலாமா?
- வாசகி, நாகர்கோவில்

கொப்பரைக்கு வழியே இல்லை. எண்ணெய்ப் பசை மிகுந்து, தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் அது இருக்கிறது. முழுத் தேங்காய்க்கு விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காயைக் கையோடு எடுத்துச்செல்ல 2024 அக்டோபரில் அனுமதி தந்தார்கள், 2025 ஜனவரி 20 வரைக்கும் என்று தேதி போட்டு. ஒரு சீசனுக்குத் தந்த சலுகை அடுத்த சீசனுக்கும் உண்டு என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம்.

டிக்கெட் உறுதியாகி, நேரத்துக்குப் போயும் "சீட் நிரம்பிவிட்டது, நாளைக்குப் போங்கள்" என்றார்கள். அவர்கள் ஏதும் தர வேண்டாமா?
- வாசகர், திருச்சி

தர வேண்டும். வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு இருக்கைக்கு அதிகமாக டிக்கெட் விற்பது நடப்புதான். எல்லோரும் வந்துவிட்டால், யாராவது விட்டுக்கொடுக்கத் தயாரா என்று முதலில் கேட்க வேண்டும். யாரும் முன்வராமல் உங்களை நிறுத்தினால் டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி பேசும். உங்கள் விமானம் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் இடம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் 400 சதவீதம், வரம்பு 20,000.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கு டிக்கெட் விலைக்கு அல்ல. நீங்கள் 6,500 கட்டியிருந்தாலும் அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 4,800 என்றால் 200 சதவீதம் 9,600 தான். டிக்கெட்டில் கட்டண விவரம் இருக்கும் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்ட்டரிலேயே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்புங்கள், நேரம் பதிவாகிவிடும். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் செக்-இன் மூடியபின் போய் நின்றால் இதில் ஒன்றும் கிடைக்காது. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள்.

தாமதம் வேறு கணக்கு. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் (சென்னை-மதுரை போல) இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம்.

பெட்டியின் சக்கரம் உடைந்து வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.
- வாசகர், சிவகங்கை

வெளிநாட்டுப் பயணம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். பெட்டி தாமதமாக வந்ததற்கு 21 நாள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இது. அடுத்த முறை பெல்ட்டிலிருந்து எடுத்ததுமே சுற்றிப் பார்த்து, அங்கேயே அந்த நிறுவனத்தின் மேசையில் புகார் எண் வாங்குங்கள். வாசலைத் தாண்டிவிட்டால், உடைந்தது எங்கே என்ற கேள்வி எழும்.

இறங்கும்போது குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போன்றது, கொடைக்கானல் மாதிரி. இறங்க இறங்க அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்தால் சரியாகிவிடும். விழுங்கும்போதெல்லாம் அது திறக்கும். தூங்குகிற குழந்தை அதிகம் விழுங்காது. அதனால் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே எழுப்பி, பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டபிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். கடும் சளி இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.