வாசகர் கேள்வி: ஐஸ் வைத்தும் ரத்தம் ஏன் கெட்டது?

கேள்வி: ராமேஸ்வரத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். நுரையீரல் புற்றுநோயாளி ஒருவருக்குச் செல்லில்லா டி.என்.ஏ. (ரத்தத்தில் செல்லுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ. துணுக்கு) சோதனை எழுதியிருந்தார்கள். மாலையில் ஊதா மூடி டியூப்பில் ரத்தம் எடுத்து, ஐஸ் வைத்து, இரவு ரயிலில் சென்னைக்கு அனுப்பினோம். ‘மாதிரி தகுதியற்றது’ என்று பதில் வந்தது. எங்கே தவறு?

பதில்: ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூப் ரத்தம் உறையாமல்தான் காக்கும். நேரம் ஆக ஆக வெள்ளணு உடைவதைத் தடுக்காது. கணக்கைப் பாருங்கள். நலமாக இருப்பவரின் 1 மி.லி. பிளாஸ்மாவில் (ரத்தத்தில் செல்கள் நீங்கலான திரவம்) செல்லில்லா டி.என்.ஏ. பெரும்பாலும் 10 நானோகிராமுக்குள்தான். நோயாளிக்கு இது கூடலாம். ஆனாலும் அதில் கட்டியிலிருந்து வந்த பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பதுண்டு. அதே 1 மி.லி. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஐம்பது லட்சம் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 6.6 பிகோகிராம் (ஒரு நானோகிராமில் ஆயிரம் பிகோகிராம்) டி.என்.ஏ. ஆயிரத்தில் ஒன்று உடைந்தாலே 30 நானோகிராமுக்கு மேல் பிளாஸ்மாவில் கலந்துவிடும். தேடிய துணுக்கு அதில் மூழ்கிப்போகும். ஐஸ் நேராக டியூப்பில் பட்டு ரத்தம் பனிக்கட்டிபோல் ஆகியிருந்தால் செல்கள் மொத்தமாக வெடித்திருக்கும்.

இ.டி.டி.ஏ. டியூப் என்றால் 4 மணி நேரத்துக்குள் அங்கேயே பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) முதல் சுற்று 1600 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 1600 மடங்கு விசை, 10 நிமிடம். உங்கள் சென்ட்ரிஃபியூஜின் ஆரம் 10 செ.மீ. என்றால் இது நிமிடத்துக்குச் சுமார் 3800 சுற்று. ஆரம் மாறினால் சுற்றும் மாறும். பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். வெள்ளணுப் படலத்துக்கு மேல் அரை செ.மீ. பிளாஸ்மாவை விட்டுவிட்டு மீதியை மட்டும் உறிஞ்சுங்கள். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டாம் சுற்று 16,000 ஜி, 10 நிமிடம். பிறகு மைனஸ் 80 டிகிரி, உலர்பனியில் (திட கார்பன் டை ஆக்சைடு) அனுப்புங்கள்.

இந்த வசதி இல்லையென்றால் ஸ்ட்ரெக் போன்ற, செல்லைக் கட்டிக்காக்கும் டியூப்பை வரவழையுங்கள். 10 மி.லி. நிரம்ப எடுத்து, குலுக்காமல் 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். 6 முதல் 37 டிகிரிக்குள் 14 நாள் தாங்கும். இதற்கு ஐஸ் கூடாது. ஆனால் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் 37 டிகிரி எளிதில் தாண்டிவிடும். தெர்மாகோல் பெட்டியில், உறைய வைக்காத ஜெல் பொதியோடு அனுப்புங்கள். பச்சை மூடி டியூப்பைத் தொடவே வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே தடுக்கும். சீரமும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) ஆகாது: ரத்தம் உறையும்போதே வெள்ளணு டி.என்.ஏ. கலந்துவிடும்.

கேள்வி: படகில் பலத்த அடிபட்டவருக்குச் செல்லில்லா டி.என்.ஏ. சோதனையால் அடியின் கடுமை தெரியுமா? (தொண்டி வாசகர்)

பதில்: பலத்த காயத்தில் இதன் அளவு சீக்கிரமே ஏறும் என்பது உண்மை. ஆனால் கிருமித்தொற்று, புற்றுநோய், கடும் உடலுழைப்பு எதிலும் ஏறும். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் சுமார் 16 நிமிடம் முதல் இரண்டரை மணி நேரம்தான். ஒருமுறை எடுத்த எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. அடிபட்டவருக்கு ஸ்கேனும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும்தான் முதலில். இந்தச் சோதனைக்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.