இடுப்பில் சுமக்க எந்த உலோகத் துப்பாக்கி: .45-ஆ, 9 மி.மீ.-ஆ?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. பிளாஸ்டிக் சட்டகத் துப்பாக்கிகள் என் கைக்கு ஒத்துவரவில்லை. உலோகச் சட்டகம் கொண்ட ஒன்றைத் தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். கடைக்காரர் 1911 என்ற பழைய கைத்துப்பாக்கி வடிவமைப்பில், .45 அங்குலத் தோட்டா போடும் ஒன்றை வாங்கச் சொல்கிறார். நண்பரோ 9 மி.மீ. போதும் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்களிடம் கிரீன் கார்டு இருப்பதால் வாங்குவதற்குத் தடையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் பொருந்தினால் அன்றி, துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உங்களைப் பார்த்து வாங்க நினைக்கும் நண்பர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

உலோகச் சட்டகம் என்று பொதுவாகச் சொன்னாலும், எஃகும் அலுமினியக் கலவையும் இடுப்பில் முற்றிலும் வேறு வேறு. 5 அங்குலக் குழல் கொண்ட முழு எஃகு 1911, தோட்டா நிரப்பாமலேயே ஏறத்தாழ 1.1 கிலோ இருக்கும். சிஇசட் பி-01 போன்ற அலுமினியச் சட்டகத் துப்பாக்கி 800 கிராம் அளவிலும், பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட கிளாக் 19 சுமார் 600 கிராமிலும் நிற்கின்றன. சுடும்போது இந்த எடை உங்களுக்கு நண்பன்: பின்னுதைப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், குழலின் முனை அதிகம் எகிறாமல் விரைவில் இலக்குக்குத் திரும்பும். ஆனால் சுடுவது மாதத்தில் ஒரு மணி நேரம், சுமப்பது நாள்தோறும் பத்து மணி நேரம். கார் இருக்கையில் சீட் பெல்ட் கொக்கிக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 1.1 கிலோ எஃகு அழுத்த, நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களில் பலர், சில வாரங்களில் அதைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிடத் தொடங்குகிறார்கள். காரில் கிடக்கும் துப்பாக்கி உங்களைவிடத் திருடனுக்குத்தான் அதிகம் உதவும். எனவே அலுமினியச் சட்டகமும் 4 அங்குலத்தை ஒட்டிய குழலும் என்பதே என் பரிந்துரை. அதோடு வளையாத தடித்த பெல்ட் ஒன்றும் வாங்குங்கள். சாதாரண பெல்ட்டில் எந்தத் துப்பாக்கியும் தொங்கத்தான் செய்யும்.

காலிபரை (குண்டின் விட்டம்) பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வதே சரி. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்களை இழந்த எஃப்பிஐ, 9 மி.மீ. தோட்டா போதிய ஆழம் செல்லவில்லை என்று முடிவுகட்டி முதலில் 10 மி.மீ.க்கும் பிறகு .40-க்கும் மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் உடலில் பட்டதும் விரியும், நுனி குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் வெகுவாக மேம்பட்டு, உடல் தசைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் சோதனை ஜெலட்டினில் எதிர்பார்க்கப்படும் 12 முதல் 18 அங்குல ஆழத்தை 9 மி.மீ.யும் எட்டியதால், அதே அமைப்பு 9 மி.மீ.க்கே திரும்பியது. மறுபுறம், வினாடிக்கு 850 அடி வேகத்தில் செல்லும் 230 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) .45 குண்டின் உந்தம், 1,150 அடி வேகத்தில் செல்லும் 124 கிரெய்ன் 9 மி.மீ. குண்டினுடையதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்; அவ்வளவும் உங்கள் மணிக்கட்டில்தான் வந்து இறங்கும். சுமப்பதற்கு வசதியாக எடை குறைந்த சட்டகத்தில் .45-ஐ வாங்கினால், எந்த நன்மைக்காக உலோகத்தைத் தேடினீர்களோ அதையே பாதி இழந்துவிடுவீர்கள். வழக்கமான .45 மேகசினில் (தோட்டாக் கூடு) 7 தோட்டாக்கள். 9 மி.மீ. துப்பாக்கியான பி-01-இன் மேகசினில் அதைப்போல் இருமடங்கு. பயிற்சித் தோட்டாவின் விலையும் 9 மி.மீ.க்கே குறைவு. .45 மீது சிலருக்கு ஒரு பாசம் உண்டு. அது எனக்கும் உண்டு. ஆனால் அது பயிற்சிக்கூடத்தோடு சரி.

காலிபருக்காக மணிக்கணக்கில் வாதாடுபவர்கள், விசை (ட்ரிகர்) எப்படி இயங்குகிறது என்பதைக் கேட்பதே இல்லை. 1911-ஐ ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) பின்னிழுக்கப்பட்டு, சேஃப்டி எனும் பாதுகாப்பு நெம்புகோல் பூட்டப்பட்ட நிலையில்தான் சுமப்பது வழக்கம். உறையிலிருந்து உருவும்போது கட்டைவிரல் சேஃப்டியைத் தானாகவே கீழே தள்ளும் அளவுக்குப் பழக வேண்டும். புதியவர்கள் அதை மறந்து, நகராத விசையை வெறுமனே இழுத்துக்கொண்டு நிற்பதைப் பயிற்சியில் சாதாரணமாகப் பார்க்கலாம். பி-01, சிக் பி229 போன்றவற்றில் டிகாக்கர் நெம்புகோல் ஹேமரைப் பாதுகாப்பாக இறக்கிவிடும். அதனால் விசையின் முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தடுத்தவை இலகுவாக இருக்கும். அந்த முதல் இழுப்பைப் பழக உழைப்பு தேவை, ஆனால் புதிதாகச் சுமப்பவருக்கு அந்தக் கனமே ஒரு காப்பு.

ஹூஸ்டன் புழுக்கத்தில் வியர்வையையும் கணக்கில் எடுங்கள். வலது இடுப்பில் வைத்தால் துப்பாக்கியின் இடப்பக்கம்தான் உடலை ஒட்டியிருக்கும். கைப்பிடித் திருகு, பின் குறிக்காட்டி, சேஃப்டி நெம்புகோல் ஆகியவற்றில் துரு முதலில் தலைகாட்டும். சட்டகம் அலுமினியமாக இருந்தாலும் மேலே முன்பின் நகரும் ஸ்லைடு எஃகுதான் என்பதால், வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

வாங்குமுன் பயிற்சிக்கூடத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது ஐம்பது சுட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு, சுமக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களில் குறைந்தது நூறு தடங்கலின்றி ஓடினால் மட்டுமே அதை இடுப்பில் வையுங்கள். விசையை முழுமையாக மூடும் உறை கட்டாயம். வீட்டில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், குண்டேற்றிய துப்பாக்கியை அவர்கள் கைக்கு எட்டும்படி விடுவதே டெக்சாஸில் குற்றம் என்பதால், பூட்டுப்பெட்டியையும் அன்றைய பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.