காது மட்டும் உங்களுடையது

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 34. சிங்கப்பூரில் அங் மோ கியோவில் அம்மாவோடு இருக்கிறேன், ஒரு பக்கம் திறந்த நீளமான காரிடார் உள்ள புளோக். துவாஸில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்தேன். இதற்காகவே ஸ்டூடியோவில் 180 வெள்ளி கொடுத்து, கோட்டும் டையுமாக எடுத்த படத்தை முதலில் போட்டிருக்கிறேன். யாரும் பதில் போடவில்லை. நான் கறுப்பு, கண்ணாடி போடுபவன், முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறிவிட்டது. இதைவிட நல்ல ஸ்டூடியோவாகப் பார்த்துப் போகட்டுமா, கையில் இருப்பதிலேயே தேர்ந்தெடுக்கலாமா? ஆறு படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, இன்னொரு ஸ்டூடியோ இப்போதைக்கு வேண்டாம். இருபது வருடமாக ஆட்களைப் படம் எடுத்தே சாப்பிடுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

அந்த 180 வெள்ளிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் மாநிறம். காது கறுப்பு, கழுத்தும் கறுப்பு. படத்தைத் திருத்தியவர் முகத்தை மட்டும் வெளுத்துவிட்டுக் காதை மறந்திருக்கிறார். கன்னம் மெழுகு பூசினாற்போல் வழவழ என்று இருக்கிறது. கண்ணாடியையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுந்திய தடம் அப்படியே தெரிகிறது. இந்தப் படத்தில் உண்மையிலேயே உங்களுடையது என்று சொன்னால் அந்தக் காதுதான்.

வேலைக்கு விண்ணப்பம் போட இது போதும். செயலியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும் ஒரு பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். காதல் மோசடிச் செய்தி படிக்காதவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்? சந்தேகம் வந்தால் கூப்பிட 1799 என்று தனி எண்ணே இருக்கிறது. சாம்பல் திரை, கோட்டு, துளி மருகூட இல்லாத சருமம்... மோசடிக்காரன் எங்கிருந்தோ திருடி ஒட்டும் படத்துக்கும் இதே களைதான். கஷ்டப்பட்டு எடுத்த படம் உங்களைப் போலி ஆசாமியாகக் காட்டுகிறது.

மற்ற ஐந்தில் இரண்டைப் பார்த்ததும் ஒதுக்கிவிட்டேன். ஒன்று மெர்லயன் பக்கத்தில் உச்சி வெயிலில் எடுத்தது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1 மணிக்கு. 1982 புத்தாண்டில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் அந்த நேரத்து வெயில் நேராக மண்டையில் விழும். புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் மிஞ்சும். நீங்கள் யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கிறது. இன்னொன்று கல்யாணப் படம். பதினோரு பேர் நிற்கிறார்கள், அதில் நீங்கள் யார் என்று கண்டுபிடிக்க எனக்கே அரை நிமிடம் ஆனது. அக்கா பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் படமும் வேண்டாம். படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளையின் முகத்தை அந்நியர் ஆயிரம் பேருக்குக் காட்ட வேண்டியதில்லை.

காரில் எடுத்த செல்ஃபிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. உங்கள் மூக்கு அவ்வளவு பெரிது இல்லை. கை தூரம் என்றால் சுமார் 30, 40 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து காது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் அந்தப் பன்னிரண்டு பெரிய கணக்கு, அதனால்தான் மூக்கு ஊதி, காது ஒடுங்கித் தெரிகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அதே பன்னிரண்டு ஒரு பொருட்டே இல்லை. மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி செல்ஃபியோடு வரும் நோயாளிகளைப் பார்த்து அமெரிக்க மருத்துவர்கள் 2018ல் கணக்குப் போட்டார்கள். 12 அங்குலத் தூரத்தில் ஆண்களின் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறதாம், 5 அடியில் அந்தக் கோளாறு இல்லை. எந்தக் கைப்பேசியாக இருந்தாலும் இதுதான் நிலை. குறை கேமராவில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

மிச்சம் ஆறாவது. காப்பிக்கடை மேசை, முன்னால் தே தாரிக், யாரோ சொன்ன எதற்கோ பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறீர்கள். கண்ணோரம் சுருங்கியிருக்கிறது, கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ‘இது சும்மா, பல் ரொம்பத் தெரியுது’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். தம்பி, ஆறு படத்தில் மனிதர் இருப்பது அந்த ஒன்றில்தான். பின்னால் வெளிச்சம் அதிகம், முகம் இருட்டு, ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. முதல் படமாக வைக்கும் அளவுக்கு அது தேறாது. ஆனால் அந்த முகம்தான் வேண்டும்.

நல்லதைக் கடைசியில் தள்ளினீர்களே என்று கேட்க மாட்டேன், எல்லோரும் செய்வதுதான். தன் முகத்தை நாம் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம், இடம் வலம் மாறி. கேமரா காட்டும் முகம் நமக்கே கொஞ்சம் அந்நியமாக இருக்கும். ஆட்களுக்குத் தங்கள் கண்ணாடி உருவம்தான் பிடிக்கிறது, அவர்களுடைய நண்பர்களுக்கோ மாற்றாத உருவம்தான் பிடிக்கிறது என்று 1977லேயே ஒரு சோதனையில் காட்டிவிட்டார்கள். 2017ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று செய்தார்கள். மாணவர்கள் தங்கள் படம் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொடுத்து, டேட்டிங்குக்கு எது, வேலைக்கு எது என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அதே பன்னிரண்டிலிருந்து முன்பின் தெரியாதவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தவர்களிடம் நல்ல பெயர் வாங்கியது தெரியாதவர்கள் எடுத்த படங்கள்தான். ஆக, எடுப்பது நீங்களாக இருக்கலாம், தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்கக்கூடாது.

சரி, எடுப்பதற்கு வருவோம். பூமலை, கரையோரப் பூங்கா என்று எங்கும் அலைய வேண்டாம். உங்கள் புளோக்கில் ஒரு பக்கம் திறந்த நீளமான காரிடார் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் ஸ்டூடியோவில் பெரிய துணிப்பெட்டி விளக்கு வைத்து உண்டாக்குவதை அது இலவசமாகவே தருகிறது: ஒரு பக்கம் முழுக்க வானம், மேலே தளம், மறுபக்கம் சுவர். உச்சி வெயிலைத் தளம் தடுத்துவிடுகிறது, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மெல்லிசாக வந்து கன்னத்தில் விழுகிறது. காலை 8லிருந்து 10 மணிக்குள், நேர் வெயில் விழாத இடமாகப் பாருங்கள். சுவருக்கு என்ன சாயம் அடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பச்சைச் சுவரை ஒட்டி நின்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். ஒரு முறை அப்படி ஒரு மாப்பிள்ளைப் படத்தை முழுக்கக் கெடுத்தேன், இன்றுவரை நினைவிருக்கிறது.

காரிடாரின் நீளவாட்டில், அதாவது பின்னால் காரிடார் ஓடுகிற மாதிரி நில்லுங்கள். நண்பர் இரண்டு மீட்டர் தள்ளி, கேமரா உங்கள் கண் உயரத்தில், கைப்பேசியில் 2x என்று காட்டும் இரண்டு மடங்கு லென்ஸில். பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டால் கண்ணாடியின் காதுக்கம்பியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதிக் கம்பியை அது தின்றுவிடும். அதை அணைத்துவிடுவதே மேல்.

உங்கள் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 180 வெள்ளி போனது அதில்தான். கறுத்த முகத்தின் அழகு அதன் மேல் வெளிச்சம் ஒட்டி மினுங்குகிற இடத்தில் இருக்கிறது: கன்னமேடு, மூக்குத் தண்டு, நெற்றியின் ஓரம். இரண்டு பக்கமும் சம விளக்கு வைத்துத் தட்டையாக்கினால் அந்த மினுக்கம் போய்விடும், பிறகு வெளுப்பதைத் தவிர அவர்களுக்கு வழி தெரியாது. ஒரு பக்க வெளிச்சம் போதும். பவுடர் தொடவே வேண்டாம், படத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். வியர்வையை ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கட்டும். வெளிச்சத்தைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால், பின்னால் வானம் தெரியும்போது முகத்தை இருட்டாக்கும், பின்னணி இருட்டாக இருந்தால் முகத்தை வெளிறடிக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, சூரியன் குறியை மேலும் கீழும் நகர்த்தி, உங்கள் கை நிறமும் முகத்து நிறமும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காலத்தில் கோடாக் படம் கழுவும் இடங்களில் நிறம் சரிபார்க்க ‘ஷர்லி’ அட்டை என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். நம் நிறத்தை அந்த அளவுகோல் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2021ல்தான் கூகல் தன் பிக்சல் 6இல் கறுத்த நிறத்துக்கென்று தனியாக மெனக்கெட்டு, அதற்கு ‘ரியல் டோன்’ என்று பெயர் வைத்தது. கேமராக்காரர்களுக்கே இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது, உங்களிடம் குறை தேடாதீர்கள்.

கண்ணாடி இருக்கட்டும். சந்திக்க வரும்போதும் போட்டுக்கொண்டுதானே வருவீர்கள்? வெளிச்சம் லென்ஸில் பட்டுத் திரும்பினால், காதுப்பக்கம் கம்பியை ஒரு நூல் தூக்குங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து மினுமினுப்பு போய்விடும், வித்தியாசம் யாருக்கும் தெரியாது. முடிக்குத் தொப்பி தீர்வு இல்லை. எல்லாப் படத்திலும் தொப்பி என்றால் உள்ளே என்ன என்று யாரும் ஊகித்துவிடுவார்கள். மேலிருந்து எடுக்காதீர்கள், நெற்றி நீளும். படத்தின் மேல் விளிம்பை முடியோடு ஒட்டி லேசாக வெட்டினால் பார்வை தானாகக் கண்ணுக்கு இறங்கும்.

பிறகு தாடை. முகத்தைக் கேமராவை நோக்கி ஓர் அங்குலம் நீட்டி, தாடையைத் துளி இறக்குங்கள். ஆமை தலை நீட்டுவது போல உங்களுக்கே கூச்சமாக இருக்கும், எதிர்வீட்டுப் பாட்டி பார்த்தால் சிரிப்பார். படத்தில் தாடைக்கோடு கத்தி மாதிரி விழும். சிரிப்புக்கு ‘சீஸ்’ வேண்டாம். அந்தக் காப்பிக்கடை நண்பரையே கேமரா பிடிக்கச் சொல்லுங்கள், அவருக்குத்தான் உங்களைச் சிரிக்க வைக்கத் தெரிகிறது. அவர் பேசிக்கொண்டே அறுபது எழுபது படம் தட்டட்டும்.

சட்டைக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். இஸ்திரி போட்ட, ஒரே நிறச் சட்டை. அரக்கும் கடுகு மஞ்சளும் உங்களுக்கு எடுக்கும். முழு உருவப் படம் ஒன்று, ஏதாவது செய்துகொண்டிருக்கும் படம் ஒன்று, அவ்வளவே. முகப் படத்தோடு சேர்த்து மூன்று நான்கு நல்ல படம் இருந்தால் போதும். மூன்று நல்ல படத்தோடு ஒரு மோசமான படத்தைச் சேர்த்தால், அந்த ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

எடுத்த அறுபதில் கண் மூடியதையும் மங்கியதையும் தள்ளிவிட்டு, பத்தை மூன்று பேரிடம் காட்டுங்கள். அம்மா வேண்டாம். நீங்கள் ‘பூசினாற்போல்’ இருக்கும் படத்தைத்தான் எந்த அம்மாவும் எடுப்பார். உங்களை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் நல்லது, அவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ‘எது நல்லா இருக்கு?’ என்று கேட்டால் மரியாதைக்கு எல்லாமே நல்லாயிருக்கு என்பார்கள். ‘கல்யாணச் சாப்பாட்டில் இந்த ஆள் பக்கத்தில் இடம் காலி என்றால் உட்காருவீர்களா?’ என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே படத்தைக் காட்டினால் விவாதம் வேண்டாம், அதுதான் முதல் படம். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

திருத்துவதில் நாங்கள் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை அழிக்கலாம். மச்சம், தழும்பு, கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு வைத்துக் கோட்டு மாட்டிவிடும் செயலிகளையும் தொடாதீர்கள். அதில் வருபவர் வேறு யாரோ. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காத்திருக்கப்போவது நீங்கள்.

இன்னொன்று, லிங்க்ட்இன்னில் போட்ட அதே படத்தை இங்கே போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடினாலே உங்கள் முழுப் பெயரும் கம்பெனியும் வந்துவிடும். கழுத்தில் தொங்கும் வேலை பாஸ், புளோக் எண், வீட்டுக் கதவு எண் எதுவும் படத்தில் விழக்கூடாது.

வரும் ஞாயிறு எடுப்பதாக இருந்தால், குளிரூட்டிய அறையிலிருந்து கைப்பேசியைக் கொண்டுவந்ததும் ஆரம்பிக்காதீர்கள், லென்ஸில் பனி படிந்துவிடும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, சட்டை நுனியால் இல்லாமல் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மழை மேகம் கட்டினாலும் தள்ளிப் போடாதீர்கள், வெளிச்சம் இன்னும் மென்மையாகக் கிடைக்கும். பத்துப் படத்தையும் வெட்டாமல், திருத்தாமல் எனக்கும் அனுப்பிவையுங்கள். அந்த மூன்று பேர் எதைச் சொன்னார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், நானும் ஒன்றை எடுத்துப் பார்க்கிறேன்.