பென்ஷன் வாங்கும் அப்பாவும் பென்ஷன் இல்லாத மகளும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் 1951-இல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவுதான் என்னைப் பள்ளியில் உட்கார வைத்தது. அறுபதுகளின் நடுவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. கேப்பைக் களியையும் ரேஷனில் கிடைத்த அமெரிக்கக் கோதுமையையும் வைத்து அம்மா எங்களை வளர்த்தார். ஒரே சட்டையை இரவில் துவைத்துக் காலையில் உடுத்திக்கொண்டு போவேன். ஆசிரியர் பயிற்சி முடித்து அரசுப் பள்ளியில் சேர்ந்தேன், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன், சொசைட்டிக் கடன் போட்டு ஐயர்பங்களா பக்கம் மனை வாங்கி வீடு கட்டினேன். 2009-இல் ஓய்வு பெற்றேன். மகன் சென்னையில் இருக்கிறான்.

எங்களோடு இருக்கும் மகளும் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்ததால் அவளுக்கு என்னைப் போல் பென்ஷன் கிடையாது. சில வாரங்களுக்கு முன் சிக்கனத்தைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போய்ப் பேச்சு வளர்ந்தது. “நீங்கள் நல்ல காலத்தில் பிறந்துவிட்டீர்கள் அப்பா. வேலை, மனை, பென்ஷன் எல்லாம் உங்களோடு முடிந்தது. எங்களுக்கு வற்றிய வைகையும் வீட்டுக் கடனும்தான் மிச்சம்” என்றாள். கல்லூரியில் படிக்கும் பேரன், “விடும்மா, தாத்தா ஒரு பூமர்” என்று சிரித்தான். அன்று முதல் அவர்களோடு சாப்பிட உட்காரவே கூச்சமாக இருக்கிறது. பாடுபட்டு முன்னேறியது ஒரு குற்றமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

அன்புள்ள ஐயா,

குற்றமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. மகளின் முதுமைக்கு ஒரே வரி. வீட்டிலும் பேச்சு இந்த அளவில்தான் நடக்கிறதோ என்று தோன்றுகிறது.

பூமர் என்பது அமெரிக்கக் கணக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை அங்கே பிறந்த பெருங்கூட்டத்தைக் குறித்தது. இங்கே கதை வேறு. 1951-இல் 36 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1971-இல் 54 கோடியைத் தாண்டியது என்றால், மலேரியாவுக்கும் அம்மைக்கும் முன்போல் பலியாகாமல் பிள்ளைகள் பிழைத்ததுதான் பெரும் காரணம். அமெரிக்கப் பிள்ளைகள் செழிப்பில் வளர்ந்த ஆண்டுகளில், அந்த நாடு கப்பலில் அனுப்பிய கோதுமைக்கு நீங்கள் வரிசையில் நின்றீர்கள். பேரன் கொடுத்த பட்டம் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

மகள் பேசுவது மீதிப் பாதியை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் வாத்தியார் வேலைக்கு முறை வந்த காலம் உங்களுடையது. வாத்தியார் சம்பளத்தில் மதுரையில் மனையும் வாங்க முடிந்தது. பென்ஷனுக்கென்று உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பைசா பிடிக்கவில்லை. மகளுக்கோ ஓய்வூதியப் பங்களிப்பாக அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே வேலையைச் செய்த இருவர் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அவருக்கு இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படுகிறது. காலம் கைகொடுத்தது என்று ஒப்புக்கொண்டால் உழைப்பு சிறுத்துவிடும் என்று உங்களுக்குப் பயம். அதனால்தான் கேப்பைக் களி அடிக்கடி பேச்சில் வருகிறது.

வைகைக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். மணல் அள்ளியவர்களும் கண்மாயில் மனை போட்டவர்களும் உங்கள் வயதினரில் உண்டு. எல்லா வயதிலும் உண்டு. அதை ஒரு வாத்தியார் தலையில் கட்டியது கோபத்தின் வேகம்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். கடைசிப் பருவத்தில், வாழ்ந்து முடித்ததை முழுதாக ஏற்றுக்கொள்ள முடிந்தவருக்கு நிறைவு வருகிறது, முடியாதவருக்குக் கசப்பு என்றார். உங்கள் விஷயத்தில் முழுதாக என்றால் பட்டினியும் பென்ஷனும் சேர்த்துத்தான்.

கொஞ்ச நாள் சிக்கனம் பேசாதீர்கள். மகளின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிடித்தம் எவ்வளவு, ஓய்வு பெறும்போது கைக்கு என்ன வரும், வீட்டுக் கடன் எந்த ஆண்டு முடியும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அறிவுரைக்குப் பதிலாக அப்பா கணக்கு நோட்டோடு வந்தால் அவர் கோபம் பாதியாகக் குறையும். அந்த வீட்டை உங்களுக்குப் பின் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதையும் மகன், மகள் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தலைமுறைச் சண்டை என்று என்னிடம் வருவதில் பல, பேசாமல் விட்ட சொத்து விஷயம்தான். உடனே எழுதிக்கொடுக்கச் சொல்லவில்லை. உங்கள் காலம்வரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

பேரனைக் கண்டிக்க வேண்டாம். 1965 ஜனவரியில் மதுரையில் மொழிப் போராட்டம் மூண்டபோது உங்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். ஊரில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள், பள்ளியில் என்ன நடந்தது என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிக்காமல் சொன்னால் கேட்பான்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் தாமதிக்காமல் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.