பாக்டீரியா மூளைக்காய்ச்சல் மருந்துகளின் சந்தை பெரிதாக வளரப் போகிறது என்று அறிக்கைகள் சொல்கின்றனவே, உண்மையில் அதில் பணம் எங்கே இருக்கிறது?

கும்பகோணத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். டாக்டர் இல்லை. எந்த மருந்து யாருக்கு என்ன விலையில் போகிறது என்று தினமும் பார்க்கிறவன், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்: இந்த நோயில் பணம் நிறையப் புரளுகிறது, ஆனால் மருந்தில் இல்லை.

முதலில் ஒன்று. நம் பக்கத்து வயல்வெளிக் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு கதை. அது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது. நீங்கள் கேட்பது மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா தொற்றும் மெனிஞ்சைட்டிஸ்.

அதற்குச் சந்தேகம் வந்தவுடனேயே ஏற்றுவது செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாடிக். கடைகளில் எந்தக் கம்பெனி சரக்கானாலும் ‘மோனோசெஃப்’ என்றுதான் கேட்பார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் இளமஞ்சள் தூள், கரைக்க ஒரு ஆம்பியூல் தண்ணீர். பெரியவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம். ஒரு கிராம் குப்பியின் எம்ஆர்பி நூறு ரூபாய்க்குள்தான். நியூமோகாக்கஸ் கிருமி என்றால் 10 முதல் 14 நாள் ஓடும். 56 குப்பி என்றே வையுங்கள், ஆறாயிரம் ரூபாயைத் தாண்டாது. கூடவே வான்கோமைசின் என்று இன்னொரு ஆன்டிபயாடிக் போடுவார்கள், அது கொஞ்சம் விலை கூட. ஆனாலும் லட்சத்தில் வரும் பில்லுக்கு இவை இரண்டும் காரணமே இல்லை.

ஏன் இவ்வளவு மலிவு என்றால், மருந்து பழசு. செஃப்ட்ரியாக்சோன் ரோஷ் கம்பெனி கண்டுபிடித்து 1980களில் சந்தைக்கு வந்தது, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. வான்கோமைசின் இன்னும் பழசு, 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் உச்சவரம்பு விலையை மத்திய அரசின் ஆணையமே நிர்ணயிக்கிறது. போதாததற்குப் போட்டி. எம்ஆர்பியில் பாதிக்கும் கீழே எனக்குச் சரக்கு வரும், ‘ஸ்கீம்’ என்று மேலே இலவசக் குப்பிகள் வேறு.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. உச்சவரம்பு தனி செஃப்ட்ரியாக்சோனுக்குத்தான். அதோடு சல்பாக்டம் சேர்த்தால் அந்தப் பட்டியலுக்கு வெளியே போய்விடும், விலையும் ஏறிவிடும். கம்பெனி ரெப்கள் விழுந்து விழுந்து விற்பது அதைத்தான். நியூமோகாக்கஸ் இந்த வகை மருந்தை எதிர்ப்பது, மருந்து ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றிக்கொண்டு. சல்பாக்டம் தடுப்பதோ, மருந்தை உடைக்கும் நொதியை. பூட்டு ஒன்று, சாவி வேறு. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு மூளைக்காய்ச்சல் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டால் எந்த ரெப்பும் நேராகப் பதில் சொல்வதில்லை.

டெல்டாவில் இன்னொரு விஷயம். பேச்சுமூச்சில்லாமல் வருகிற கேஸ்களில் பெரும்பகுதி 108 வண்டியில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கோ, திருவாரூர், நாகப்பட்டினம் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடும். அங்கே மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வருகிறது. 1995இலிருந்து மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, எவ்வளவு எடுக்கலாம் என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுக்கிறார்கள். நோயாளிக்குச் செலவு பூஜ்யம். என் மாதிரி ஆள் கண்ணில் அந்தச் சரக்கு படுவதே இல்லை.

சரி, புது மருந்து? கம்பெனிக்காரர் இடத்திலிருந்து பாருங்கள். சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர் ஆயுசுக்கும் வாங்குவார். இங்கே இரண்டு வாரத்தில் சிகிச்சை முடிந்துவிடும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவிடாத தடுப்பைத் தாண்டும் மருந்தாகவும் இருக்க வேண்டும். பழைய மருந்தே இன்னும் கேட்கிறது. பிறகு யார் முதல் போடுவார்கள்?

பணம் இருப்பது தடுப்பூசியில். ஃபைசரின் நியூமோகாக்கல் தடுப்பூசியான பிரெவ்னார் நிமோனியா, மூளைக்காய்ச்சல் இரண்டுக்கும் சேர்த்துப் போடுவது, அதன் உலக விற்பனை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 600 கோடி டாலர். இங்கே தனியாரிடம் போட்டால் ஒரு டோஸ் மூவாயிரத்துக்கு மேல். 2021 முதல் நியூமோகாக்கல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இலவசம். அதற்கு முன்பே, மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான ஹிப்பைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. தடுப்பூசி பரவப் பரவச் சிகிச்சைச் சந்தை சுருங்கும். ‘வளரும்’ என்கிற அறிக்கைகள் பல, மருந்து, தடுப்பூசி இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் காட்டுகின்றன.

நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் மூளைக்காய்ச்சல் தரும் வேறொரு கிருமியான மெனிங்கோகாக்கஸுக்குத் தடுப்பூசி தனியாக ஓடும். 2000, 2001 ஹஜ் சமயத்தில் அதன் டபிள்யூ135 வகை பரவியதற்குப் பிறகு, ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் அந்தக் கிருமியின் நான்கு வகைகளுக்குமான ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சவூதியின் விதி. உம்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டு வாங்குவது அதைத்தான்.

அப்புறம் அந்த லட்ச ரூபாய் பில். ஐசியு வாடகை, வென்டிலேட்டர், எம்ஆர்ஐ, தினசரி லேப். தாமதமாகச் சேர்த்தால் எல்லாமே இரட்டிப்பு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இந்நோய் வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு. நோயை உறுதிசெய்ய முதுகில் நீர் எடுத்தால் கை கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து, கையெழுத்துப் போடாமல் உறவினர்கள் நேரத்தைக் கடத்துவதை நர்சிங் ஹோம்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பரிசோதனையால் அப்படி ஆவது மிக மிக அரிது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றால், முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று வண்டி ஏறும் முன் கேளுங்கள்.

விலைக் கணக்கில் என்னை அசத்துவது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி. முதல் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தோ சற்று முன்னாலோ தொடங்கி நான்கு நாள் போடுவது. ஆம்பியூல் ஒன்று சில ரூபாய்தான். இந்த நோயால் காது கேளாமல் போகும் வாய்ப்பை அது குறைக்கிறது. கேட்காமல் போனால் பொருத்தும் காக்ளியர் கருவி லட்சங்களில். சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு. ஆனால் இந்த நோய்க்குப் பிறகு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்வது உண்டு, தள்ளிப்போட்டால் பொருத்துவதே சிரமம். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே காது பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.